முதல் மாதத்துக்குப் பிறகு: வயிற்றுக் குழாயோடு நெடுநாள்

குழாய் பொருத்திய முதல் வாரத்தில் வீட்டிலுள்ள எல்லோருடைய கண்ணும் அந்த இடத்தின் மேலேயே இருக்கும். இலேசாகச் சிவந்தாலும் படமெடுத்து டாக்டருக்கு அனுப்புவார்கள். மூன்றாம் மாதம் அப்படியில்லை. பீடிங் கொடுப்பது அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிடும். பயம் தெளிவது நல்லதுதான். ஆனால் பெக் (PEG) எனப்படும் இந்த வயிற்றுக் குழாயின் நெடுநாள் சிக்கல்கள் பலவும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகின்றன. அவை ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில் சின்னச் சின்ன அடையாளம் காட்டிவிட்டுத்தான் பெரிதாகின்றன. அந்த அடையாளங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

வயிற்றைத் திறந்து அறுவை செய்யாமல், எண்டோஸ்கோப்பின் உதவியோடு இரைப்பைக்குக் குழாய் போடும் முறையை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள்: குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர் மைக்கேல் காடரர், எண்டோஸ்கோப் நிபுணர் ஜெஃப்ரி பான்ஸ்கி. 1979-ல் முதலில் ஒரு கைக்குழந்தைக்குச் செய்தார்கள். 1980-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று பக்கவாதம், தலைக்காயம், வாய் தொண்டைப் புற்றுநோய், நரம்புச் சிதைவு நோய்கள் என்று விழுங்க முடியாத எவருக்கும் நாலைந்து வாரத்துக்கு மேல் குழாய்வழி உணவு தேவைப்படும் என்றால், மூக்கில் போட்ட ரைல்ஸ் டியூபை எடுத்துவிட்டு இதைப் போடலாமா என்ற பேச்சு வருகிறது. செய்முறை அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனாலேயே பலர் இதைச் சின்ன விஷயம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பொருத்துவது சின்ன விஷயம்தான், அதோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வது அப்படியல்ல.

முதலில் நான்கு விவரங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குழாய் பொருத்திய தேதி. குழாயின் பருமன் (பிரெஞ்ச் என்ற அளவில் சொல்வார்கள், 3 பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர், ஆகவே 20 என்றால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தடிமன்). உள்ளே பிடித்து நிற்பது கெட்டியான குமிழா, தண்ணீர் ஏற்றிய பலூனா. நான்காவது, குழாயின் மேல் அச்சடித்த சென்டிமீட்டர் கோடுகளில் எந்த எண் தோலை ஒட்டி நிற்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் மூன்றும் இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நான்காவதை நீங்களே பார்த்து எழுத வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் பாதிச் சிக்கல்களை அந்த ஒரே எண் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்பதால், தினமும் முதல் பீடிங்குக்கு முன் அதைப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

இறுக்கம்

குழாயின் உள்முனையில் ஒரு குமிழ், வெளியே தோலின் மேல் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே வயிற்றின் சுவர். தட்டை இறுக்கினால் உள்ளே இருக்கும் குமிழ் இரைப்பையின் உட்சுவரை அழுத்தும். அழுத்திய இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து புண்ணாகும். புண்ணான இடத்தில் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குள்ளேயே புதையும், அதன் மேல் சதை மூடி வளரும். குமிழ் புதைதல் என்று நாம் இதைச் சொல்லலாம். பெக் குழாயின் நெடுநாள் சிக்கல்களில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அடிக்கடி வருவது அல்ல. ஆனால் வந்துவிட்டால் எண்டோஸ்கோப் வழியாகவோ அறுவை செய்தோதான் குழாயை எடுக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் கவனித்தால் வராமலே தடுத்துவிடலாம் என்பதால்தான் இது வரும்போது மனம் அதிகம் வருந்துகிறது.

ஏன் இறுகுகிறது? கேட்டால் எல்லாமே நல்லெண்ணத்தில் செய்ததாக இருக்கும். ஓரத்தில் கசிகிறதே என்று தட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவார்கள். துணி நனைகிறதே என்று தட்டுக்கு அடியில் நான்கு மடிப்பு காஸ் வைப்பார்கள். அந்தத் தடிமன் குழாயை வெளியே இழுக்கும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறுகுவது உண்டு. மெலிந்து கிடந்தவர் குழாய்வழி உணவால் தேறி, ஆறு மாதத்தில் எடை கூடுவார். வயிற்றுச் சுவர் தடிக்கும், தட்டு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். உணவு நன்றாகச் சேர்ந்ததே சிக்கலுக்கு வழியாகும் இடம் இது. எடை கூடியவருக்குத் தோலை ஒட்டி நிற்கும் எண்ணும் கூட வேண்டும். அதை மருத்துவமனையில் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

தட்டுக்கும் தோலுக்கும் இடையே அரை முதல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நோயாளி படுத்திருக்கும்போது மட்டும் பார்த்தால் போதாது, உட்காரவைத்தும் பாருங்கள். உட்காரும்போது வயிறு முன்னால் வந்து தட்டை அழுத்தும்.

குழாயை அசைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. பொருத்திய துளை ஆறி உறுதியாவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சர்க்கரை நோய், மிகுந்த மெலிவு, ஸ்டீராய்டு மருந்து இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மருத்துவமனை ‘இனி அசைக்கலாம்’ என்று சொன்ன பிறகு, வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். கை கழுவி, தட்டைத் தளர்த்தி, குழாயை மெதுவாக இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு இலேசான தடை தெரியும்வரை வெளியே இழுத்து, தட்டைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்து, இடைவெளி விட்டு மாட்டுங்கள். வலிக்கக் கூடாது. குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல்வரை நீண்டிருந்தால் சுற்றக் கூடாது, உள்முனை இடம் மாறிவிடும். தையல் போட்டிருந்தாலும் கேட்காமல் தொடாதீர்கள்.

உள்ளே தள்ளினால் போகவில்லை, சுற்றினால் சுற்றவில்லை, சிரிஞ்சில் ஊற்றியது வழக்கத்தைவிட மெதுவாக இறங்குகிறது, பீடிங்கின்போது முகம் சுளிக்கிறார், ஓரத்தில் திடீரென்று கசிவு கூடியிருக்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே பீடிங்கை நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டுங்கள். அழுத்தித் தள்ளிப் பார்க்காதீர்கள். உணவு வயிற்றுச் சுவருக்குள் போய்விடும்.

ஈரம்

நெடுநாள் குழாய் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை தோலில்தான். துளையைச் சுற்றி இலேசான சிவப்பும், காய்ந்தால் பொருக்காகிற கொஞ்சம் நீரும் இயல்பு. சிவப்பு நாளுக்கு நாள் பரவுகிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, சீழ் வருகிறது, வாடை அடிக்கிறது, காய்ச்சல் என்றால் அது தொற்று, மருந்து வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சிவப்போடு ஓரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள், அரிப்பு என்றால் பெரும்பாலும் பூஞ்சை, அதற்கு மருந்து வேறு. ஆன்டிபயாடிக் களிம்பைத் தொடர்ந்து தடவிக்கொண்டே இருந்தால் பூஞ்சை இன்னும் தழைக்கும்.

துளையின் விளிம்பில் செக்கச்செவேல் என்று, ஈரமாக, தொட்டாலே ரத்தம் கசிகிற சதை வளர்ந்து நிற்பதைப் பார்த்துப் பல வீடுகளில் பதறுகிறார்கள். இது புற்று அல்ல. குழாய் ஓயாமல் உரசுவதாலும் ஈரத்தாலும் உடல் அளவுக்கு மீறி வளர்க்கும் ஆறுசதை. குழாய் அதிகம் ஆடாமல் டேப் போட்டு நிறுத்துவதும், இடத்தைக் காய வைத்திருப்பதும் முதல் மருத்துவம். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனையில் சில்வர் நைட்ரேட் குச்சியால் சுடுவார்கள் அல்லது சில நாளுக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதித் தருவார்கள். வீட்டில் நூல் கட்டுவது, கத்தரிப்பது வேண்டாம்.

கசிவுதான் பெரிய தலைவலி. இரைப்பை அமிலம் தோலில் பட்டால் ஒரே இரவில் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். இதற்குப் பலர் கேட்கும் தீர்வு, ‘இன்னும் பெரிய சைஸ் குழாய் போடுங்கள்’ என்பது. அது பெரும்பாலும் தவறான வழி. துளையும் சேர்ந்து பெரிதாகும், சில மாதத்தில் அதுவும் கசியும். ஏன் கசிகிறது என்று தேடுங்கள். பலூன் குழாயா? பலூனில் தண்ணீர் குறைந்திருக்கலாம். மலச்சிக்கலா? வயிறு உப்பி உள்ளழுத்தம் கூடியிருக்கும். ஓயாத இருமலா? பீடிங்கை வேகமாகத் தள்ளுகிறீர்களா? குழாய் ஒரே பக்கமாகச் சாய்ந்து துளையை நீள்வட்டமாக்கிவிட்டதா? குமிழ் புதைகிறதா? காரணம் தெரியும்வரை தோலைக் காப்பாற்ற ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடித்த படலமாகப் பூசுங்கள்.

துப்புரவுக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஆறிய துளைக்குக் கொதித்து ஆறிய தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். பிறகு நன்றாக ஒற்றிக் காயவிடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். மஞ்சள் தூள், டால்கம் பவுடர், தேங்காய் எண்ணெய் இவை எதையும் துளையில் வைக்காதீர்கள். தூள் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உரசும், எண்ணெய் பட்டால் டேப் நிற்காது. கசிவில்லாத ஆறிய துளைக்குக் கட்டே தேவையில்லை. குளிக்கவும் செய்யலாம்.

குழாய் கழன்று வந்துவிட்டால்

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: பொருத்தி எத்தனை நாள் ஆகிறது?

முதல் மாதத்துக்குள் என்றால், இரைப்பையும் வயிற்றுச் சுவரும் இன்னும் சரியாக ஒட்டியிருக்காது. வெளியிலிருந்து எதையாவது நுழைத்தால் அது இரைப்பைக்குள் போகாமல் வயிற்று அறைக்குள் போய்விடலாம். அங்கே உணவு கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஒன்றும் நுழைக்காமல், ஒன்றும் கொடுக்காமல், சுத்தமான துணியால் மூடி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆறிய துளை என்றால் பிரச்சினை வேறு. துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும், ஒரு நாளில் மூடிக்கொள்ளவும் கூடும். ராத்திரி பதினொரு மணிக்குக் கழன்றால் ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடாதீர்கள். உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் அதே அளவுள்ள மாற்றுக் குழாயையோ, சிறுநீருக்குப் போடும் ஃபோலி குழாயையோ நுழைத்துத் துளையைத் திறந்து வைக்கலாம். திறந்து வைக்க மட்டும்தான். முனை இரைப்பைக்குள்தான் இருக்கிறது என்று மருத்துவமனையில் உறுதி செய்யும்வரை அதில் சொட்டுத் தண்ணீரும் விடாதீர்கள். அங்கே உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மையைப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். சிரிஞ்சால் காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதை மட்டும் நம்பிப் பீடிங் தொடங்கச் சொன்னால், வேறு வழியிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஃபோலி குழாயைத் தற்காலிகமாகப் போட்டு, அதுவே மாதக்கணக்கில் நீடிப்பது நம் ஊரில் சகஜம். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் அதற்கு வெளித்தட்டு கிடையாது. இரைப்பை அசைவு அதன் பலூனை உணவோடு உணவாக முன்னே தள்ளி, இரைப்பையின் வாயிலில் அடைத்துவிடும். திடீரென்று பீடிங் நிற்காமல் வாந்தி, வயிறு உப்பல். வெளியே பார்த்தால் குழாய் வழக்கத்தைவிட நீளம் குறைந்திருக்கும். நோட்டில் எழுதிய எண் போன்ற ஓர் அடையாளம் இங்கேதான் கைகொடுக்கும். ஆனால் ஃபோலியில் எண் இருக்காது. போட்ட அன்றே தோலை ஒட்டி மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, டேப்பால் அசையாமல் ஒட்டுங்கள். கோடு உள்ளே போயிருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்லிவிட்டு இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பலூன் குழாய்களை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை பலூன் தண்ணீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து, குழாயில் குறித்த அளவுக்குச் சரியாகத் திரும்ப ஏற்றுங்கள். உறிஞ்சும்போது குழாயை மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்றுவது டிஸ்டில்டு வாட்டராகவே இருக்கட்டும். சலைன் பலூன் வால்வில் உப்பாகப் படியும், காற்றை ஏற்றினால் தங்காது. கெட்டிக் குமிழ் உள்ள குழாய் ஒன்றிரண்டு ஆண்டும் வரும். ஆனாலும் நாளாக ஆக அதன் நிறம் மங்கும், உட்புறம் கரும்புள்ளிகள் படியும், குழாய் உப்பும், விரிசல் விடும். இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. சிலிக்கோனையே அது அரிக்கும். அந்த நிலைக்கு வந்த குழாய் உடைவதற்குள் மாற்றிவிடுவது நல்லது.

குழப்பத்தில் இருக்கும் நோயாளி குழாயைப் பிடித்து இழுப்பார் என்றால் கையைக் கட்டாதீர்கள். வயிற்றைச் சுற்றும் அகலமான பெல்ட்டை, இறுக்காமல், குழாயின் மேல் போட்டு, பொத்தான் பின்பக்கம் இருக்கும் சட்டை அணிவியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இது போதும்.

அடைப்பும் மாத்திரையும்

ஒவ்வொரு பீடிங்குக்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். மருந்துக்கு முன்னும் பின்னும், இரண்டு மருந்துக்கு நடுவிலும் கொஞ்சம் தண்ணீர். குழாய் அடைப்பில் பெரும்பங்கு இந்தத் தண்ணீரை மறந்ததால் வருவது. அடைத்துவிட்டால் 60 மில்லி பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் இழுத்து, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சின்னச் சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாய் வெடிக்கலாம். கோலா பானம் ஊற்றுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அதன் அமிலம் பாலையும் புரதத்தையும் இன்னும் திரிக்கும். கம்பி விட்டுக் குத்துவது குழாயைக் கிழிக்கும்.

மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்து, தனித்தனியே கரைத்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உரலில் போட்டு இடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், குழாயை அடைக்கும். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். பான்டோபிரசோல் போன்ற மேல்பூச்சு மாத்திரையைப் பொடித்தால் மருந்து இரைப்பை அமிலத்திலேயே அழியும். குழாய் போட்டவுடன் மருந்துச் சீட்டு முழுவதையும் மருந்தாளரிடமோ டாக்டரிடமோ கொடுத்து, எதற்கெல்லாம் சிரப்போ வேறு வடிவமோ உண்டு என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வலிப்புக்கு ஃபெனிடோயின் எடுப்பவர்களுக்குப் பீடிங் அதன் அளவைக் குறைத்துவிடும். முன்னும் பின்னும் இடைவெளி விடச் சொல்வார்கள். நன்றாக இருந்தவருக்கு குழாய் போட்ட பிறகு வலிப்பு மறுபடி வந்தால் முதலில் இதை நினையுங்கள். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவும் புரதத்தோடு போட்டி போடும். இசப்கோலைக் குழாயில் விடாதீர்கள். உள்ளேயே ஊதிக் கெட்டியாகும். மலச்சிக்கலுக்கு வேறு மருந்து கேளுங்கள்.

அரிது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது

மலம் கறுத்துத் தார்போல் போகிறது, குழாயில் ரத்தமோ காபித்தூள் நிறத்திலோ வருகிறது என்றால் இரைப்பையில் புண் இருக்கலாம். உள்முனை எதிர்ச்சுவரில் உரசியும் புண் வரும். இன்னொன்று விசித்திரமானது. குழாய் பொருத்தும்போது நடுவில் பெருங்குடல் மாட்டிக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் எந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். முதல் முறை குழாய் மாற்றும்போது புதுக் குழாயின் முனை பெருங்குடலிலேயே நின்றுவிடும். கொடுத்த பீடிங் சில நிமிடத்தில் அப்படியே பேதியாகப் போகும், குழாயில் மலத்தின் வாடை அடிக்கும். மாற்றிய பிறகு இப்படி ஆனால் ‘உணவு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாள் கடத்தாதீர்கள். குழாய் மாற்றிய பின் பீடிங்கின்போது கடும் வயிற்று வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாய் தொண்டைப் புற்றுநோயாளிகளில் மிக அரிதாக, வாய்வழி இழுத்துப் பொருத்திய குழாயின் துளையில் புற்றுச் செல்கள் வளர்ந்ததுண்டு. அவர்களுக்குத் துளையில் கடினமான, வளர்கிற கட்டி வந்தால் ஆறுசதை என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

நெஞ்சும் வாயும்

‘இனிமே புரையேறாதுல்ல டாக்டர்?’ என்று குழாய் போட்ட அன்று எல்லோரும் கேட்பார்கள். ஏறும். வாய்வழி உணவு நின்றதால் அந்த வழியில் ஆபத்து குறையும், அவ்வளவுதான். எச்சிலை விழுங்க முடியாதவருக்கு எச்சிலே நுரையீரலுக்குப் போகும். இரைப்பையிலிருந்து எதுக்களித்து வரும் உணவும் போகும். பல ஆண்டுகள் குழாயோடு இருப்பவர்களை மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோவது நிமோனியாதான்.

தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்திப் பீடிங் கொடுங்கள். முடிந்த பிறகும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வெறும் தலையணை அடுக்கினால் கழுத்து மட்டும் மடியும், வயிறு நசுங்கும். இடுப்பிலிருந்தே உடம்பு சாய்ந்திருக்க வேண்டும். கொடுத்த கையோடு டயபர் மாற்றப் படுக்கவைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அதை பீடிங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வாயால் சாப்பிடாதவருக்குப் பல் தேய்ப்பது எதற்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சாப்பிடாத வாயில்தான் காரை வேகமாகப் படிகிறது, எச்சில் தடித்து நாக்கில் தோலாக ஒட்டுகிறது. அந்த அழுக்கிலிருக்கும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போனால்தான் நிமோனியா கடுமையாகிறது. தினமும் இரண்டு வேளை, மென்மையான பிரஷ்ஷால், நுரை குறைவாக, பக்கவாட்டில் சாய்த்து வைத்துத் துலக்குங்கள். இயன்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘ஆசையா கேக்கறார், நாக்குல ஒரு சொட்டு காபி வைக்கலாமா?’ இதற்கு ஆம், இல்லை என்று புத்தகத்தில் எழுத முடியாது. விழுங்குதலைச் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டியது அது. ஆனால் குழாய் போட்டவர் வாயால் எதுவுமே தொடக் கூடாது என்ற விதி எதுவும் கிடையாது. பலருக்குக் கொஞ்சம் கெட்டியாக்கிய உணவை ருசிக்கக் கொடுக்க அனுமதி கிடைக்கும். குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம்: வாய்க்கு வேலையே இல்லாமல் வளரும் பிள்ளை, பிறகு விழுங்க முடிந்தாலும் உதட்டில் ஸ்பூன் பட்டாலே மறுக்கும்.

குழாய் வழியே பட்டினி

குழாய் இருக்கிறது, மணிக்கு மணி பீடிங் போகிறது, ஆனாலும் ஆள் மெலிந்துகொண்டே வருகிறார். பொருள் இல்லாமல் அல்ல, தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பதால் இது நடக்கிறது. ஒரு டம்ளர் கஞ்சியில் 20 கிராம் கேழ்வரகு மாவு போட்டிருந்தால் அதில் கிடைப்பது 70 கலோரிக்கும் குறைவு. கடையில் விற்கும் சத்துக் கலவைகள் பெரும்பாலும் மில்லிக்கு ஒரு கலோரி என்ற கணக்கு. அதே 200 மில்லியில் 200 கலோரி. கஞ்சியைக் கெட்டியாக்கினால் குழாய் அடைக்கும், அதுவும் ஆற ஆற இறுகும். இதற்குப் பாட்டிமார் கைவைத்தியமே உதவுகிறது: முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவில் மாவுச்சத்து ஓரளவு உடைந்துவிடுவதால், கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி ஒழுகும் பதத்திலேயே நிற்கும். அதோடு எண்ணெய், பருப்புத் தண்ணீர் அல்ல பருப்பு, முட்டை, பால் பவுடர் என்று எதைச் சேர்ப்பது என்பதை டயட்டீஷியனிடம் அளவோடு எழுதி வாங்குங்கள். மெல்லிய வடிகட்டியில் வடித்துக் கொடுங்கள். செய்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிஜ்ஜில் வைத்தாலும் 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். நம் வெயிலுக்கு இதில் தளர்வு காட்டினால் பேதிதான் வரும்.

எடையை மாதம் ஒருமுறை பாருங்கள். நிற்க முடியாதவருக்கு மேற்கையின் நடுச்சுற்றளவை டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள்; மூன்று மாதமாக இறங்கினால் பீடிங்கை மாற்ற வேண்டும். வீட்டுக் கஞ்சியில் உப்பே போடாமல், தண்ணீர் மட்டும் நிறையக் கொடுத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து, முதியவர் மயங்கிக் கிடப்பதும் நடக்கிறது. அமிலம் குறைக்கும் மாத்திரையைப் பல ஆண்டு கொடுத்தால் பி12 குறையலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை எதையெல்லாம் பார்ப்பது என்று மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு குழாய் போட்டவருக்கு முழு அளவை முதல் நாளே கொடுக்கக் கூடாது. பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென்று விழும். இடையில் பல நாள் பீடிங் நின்று மறுபடி தொடங்கும்போதும் இதே எச்சரிக்கை.

முற்றிய மறதி நோயில்

இதை எழுதுவது சங்கடமானதுதான், ஆனால் குழாய் உதவுமா என்று கேட்காமலே அதைப் போட்டுவிட்டு ஓராண்டு கழித்துக் கேட்கும் குடும்பங்கள் உண்டு. டிமென்ஷியா முற்றி உணவை மறுப்பவருக்குக் குழாய் போடுவதால் ஆயுள் கூடுகிறது, நிமோனியா குறைகிறது, படுக்கைப்புண் ஆறுகிறது என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், இவர்களுக்குக் குழாயைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதையே பரிந்துரைத்தது. பக்கவாதம், தொண்டைப் புற்று, குழந்தைகளின் மூளை வாதம் இவற்றில் கணக்கே வேறு. அங்கே குழாய் பலருக்கு உயிர்காப்பு. ஏற்கெனவே போட்ட குழாய் இன்னும் அவருக்கு உதவுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுக்கொள்வது எந்த நோய்க்கும் நல்லது.

எடுக்கும் நாள்

விழுங்குதல் திரும்பி, வாயால் மட்டும் சாப்பிட்டு எடை சில வாரங்கள் நிலைத்தால் குழாயை எடுக்கலாம். பலூன் குழாய் தண்ணீரை உறிஞ்சியதும் வந்துவிடும். கெட்டிக் குமிழை வகையைப் பொறுத்து வெளியிலிருந்து இழுத்தோ எண்டோஸ்கோப் வழியாகவோ எடுப்பார்கள். சில இடங்களில் தோலோரம் வெட்டி, குமிழை மலத்தோடு போகட்டும் என்று விடுவார்கள். குடலில் முன்பு அறுவை நடந்திருந்தால் அது நின்று அடைக்கலாம், முன்கூட்டியே சொல்லுங்கள். துளை பெரும்பாலும் சில நாளில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை காஸ் வைத்துக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடக் கொடுங்கள். சாப்பிடும்போது துளையின் மேல் விரலால் இலேசாக அழுத்திப் பிடித்தால் கசிவு குறையும். பல மாதம், பல ஆண்டு குழாய் இருந்தவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, துளையின் உட்புறம் தோலே படர்ந்து மூடாமல் நிற்கலாம். சில வாரங்களாகியும் துணி நனைந்துகொண்டே இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். அதைச் சின்ன அறுவையால் மூடிவிடுவார்கள்.